அடுத்த உள்ளியை எடுக்குமுன்னே

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதிய. பியூலா மவ எப்சி... அந்தப் புள்ள எப்படி?"

கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு, ஒன்றுமே கேட்காதவள் மாதிரி சுளகிலிருந்து ஓர் உள்ளியை எடுத்து வாலைக் கிள்ளுகிறாள். என் கையிலும் ஒன்று இருக்கிறது. மேல்தோல் காய்ந்து சரசரக்கிற சின்ன உள்ளி, பட்டணத்தில் சின்ன வெங்காயம் என்பார்கள். இதை உரித்துப் போடுமுன் நான் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அது யாரும் எழுதி வைக்காத சட்டம். பெண் விசாரிக்கிறவள் வாயை மூடுமுன்னே "தங்கமான புள்ளையாச்சே" என்று வந்தால் நல்ல சேதி. கொஞ்சம் இழுத்து, "எதுக்கும் நல்லா ஜெபம் பண்ணிட்டுச் செய்யுங்க" என்று வந்தால் என்னமோ இருக்கிறது. ஒன்றுமே சொல்லாமல் அடுத்த உள்ளியைக் கையில் எடுத்துவிட்டால் தீர்ந்தது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு "பொழுது சாயுது, பஸ்ஸு போயிரும்" என்று கிளம்பிவிடுவாள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பெண்ணின் கல்யாணம் மட்டும் நின்றுபோயிருக்கும். நாளைக்குக் கோயிலில் அசனம். வருசத்தில் ஒருநாள் சபை மொத்தமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே குழம்பைத் தின்கிற நாள். அதற்கு மூட்டை மூட்டையாய் உள்ளி உரிக்க வேண்டும். மத்தியானக் கஞ்சி குடித்த கையோடு பொம்பிளைகள் எல்லாம் கோயிலுக்குப் பின்னால் ஓலைப்பந்தலில் கூடிவிட்டோம். ஆம்பிளைகள் அடுப்புக்குக் குழி வெட்டுகிறார்கள். காணிக்கையாய் வந்த கிடாய்கள் வேப்பமரத்தடியில் நின்று கத்துகின்றன. மைக்செட்காரன் அலோ அலோ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், அவனுக்கும் யாரும் பதில் சொல்லக் காணோம். இவள் பெயர் கனகபாய். மேற்கே ரெண்டு ஊர் தள்ளி. "சும்மா ஒரு ஒத்தாசைக்கு வந்தேன்" என்றுதான் உட்கார்ந்தாள். அசனத்துக்கு முந்தின நாள் வேற்றூர்க்காரி வந்து உள்ளி உரித்தால் அவள் வீட்டில் கல்யாண வயதில் ஒரு பையன் இருக்கிறான் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பெண்ணைத் தூரத்திலிருந்து பார்ப்பாள். குனிகிறதை நிமிர்கிறதைப் பார்ப்பாள். பிறகு பெண்ணுக்குச் சொந்தமில்லாத, கொஞ்சம் வயசான ஒருத்தியாய்ப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்காருவாள். இத்தனை பேர் இருக்கிறார்களே, தவமணி இருக்கிறாள், வாய் ஓயாதவள், அவளிடம் கேட்டிருக்கலாம். என்னிடமா வந்து கேட்க வேண்டும். மரகதத்திடம். அதுவும் பியூலா மகளைப் பற்றி.

உள்ளித் தோலில் நகத்தைக் கொடுக்கிறேன். மேல்தோல் வருகிறது, அடியில் இன்னொரு தோல், செவப்பாய், ஈரமாய். பியூலா அங்கே தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நின்று பெரிய சருவத்துக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தேய்த்த இடத்தையே தேய்க்கிறாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள், குனிந்துகொள்கிறாள், மறுபடி பார்க்கிறாள். அவளுக்குத் தெரியும். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவள் நின்றதும் தண்ணீர்ப் பக்கம்தான். தெருக்குழாயடி. என் மகள் ரோதாவை விசாரிக்க வந்த பையனுடைய அத்தை, குடம் நிறைகிற நேரம் பார்த்து இதே மாதிரி, இதே பவ்வியத்தோடு கேட்டிருக்கிறாள், "மரகதம் மவ எப்படிம்மா?" என்று. பியூலா ஒன்றும் சொல்லவில்லை. சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்தாள், குடத்தைத் தூக்கினாள், போனாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொல்லாப்புச் சொன்னாள் என்றால் போய்க் கேட்டிருப்பேன். எதைப் போய்க் கேட்பது? நீ ஏன் சும்மா இருந்தாய் என்றா? அவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களும் என்னவோ ஒன்று கேள்விப்பட்ட முகத்தோடே வந்தார்கள். ரோதா நர்சு வேலைக்கு சவுதிக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள், தனியாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவாள். "சாப்ட்டியாம்மா" என்பாள். "நீ சாப்ட்டியாட்டி" என்பேன். அதற்கு மேல் ரெண்டு பேரும் மூச்சு விடுகிறதைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் நான் பியூலா பேச்சை எடுத்தேன், எடுக்காத நாள் எது, அவள் சிரித்துவிட்டாள். "எம்மா, அன்னைக்கு அவுகளுக்குப் பல்லுவலியா இருந்திருக்கும். பியூலா சித்தி ஒருநாள் பேசாம இருந்தாவ. நீ அன்னையிலருந்து அதையே பேசிட்டு இருக்க" என்றாள். என் வயிற்றில் பிறந்தது பேசுகிற பேச்சா அது. பல்வலியாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த பிறகு கொஞ்சம் வந்தது. பிறகு அழுகை.

செவப்புத் தோலும் வந்துவிட்டது. கனகபாய் ஓரக்கண்ணால் பார்க்கிறாள். ஆண்டவரே, நீரா கொண்டுவந்து இவளை என் பக்கத்தில் உட்கார வைத்தீர்? நான் கேட்கவில்லையே. இத்தனை வருசமாய் முழங்கால் போட்டு எத்தனையோ கேட்டிருக்கிறேன், இதைக் கேட்கவில்லை. அவள் குடி கெட வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நீராய்த்தானே என் மணிக்கட்டைப் பிடித்து இந்த இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறீர். பழி வாங்கு என்று சொல்கிறீரா, அல்லது வாங்குகிறாளா பார்ப்போம் என்று பார்க்கிறீரா? தூண்டிலில் புழுவைக் குத்திப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து பார்க்கிறவரா நீர்? எங்கள் கோயிலில் பிரசங்கம் செய்கிற உபதேசியார் கேட்டால் எழும்பி நின்று சண்டைக்கு வருவார். அவர் போன மாதம்தான் இந்தப் பேச்சைப் பேசினார். கிடாய் வாங்கிவந்த கதையை வைத்துப் பேசினார். "சந்தையிலருந்து இந்தக் கிடாயை நான் கயிறு கட்டி இழுத்தேன், அது நாலு காலையும் ஊனிக்கிட்டு வரமாட்டேன்னுட்டு. ஒரு அகத்திக் கொத்தை ஒடிச்சு முன்னால காட்டுனேன், கயிறே வேண்டாம்னு ஓடி வந்துட்டு. நம்மளும் அப்படித்தான் போறோம், நம்ம பசி நம்மள இழுத்துட்டுப் போகுது. போய்ச் சேந்த பொறவு கடவுள் இழுத்தார்ன்னு சொல்லுதோம். அவர் கையில அகத்திக் கொத்து இல்ல. அவர் கையில நல்லது மட்டுந்தான் இருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தோம், கிடாய் ஓடி வந்ததை அவர் ஓடிக் காட்டினார். எனக்கு அப்போது சந்தேகம் வந்தது. கேட்கக் கூச்சமாய் இருந்தது. நான் என்ன படித்தேன், மூணாம் வகுப்பு. அவர் கையில் இல்லை என்றால் அந்தக் கொத்து யார் கையில் இருக்கிறது? கிடாய்க்கு உபதேசியார் காட்டினார். எனக்கு யார் காட்டுகிறார்? வேப்பமரத்தடியில் ஒரு செவலைக் கிடாய் என்னையே பார்க்கிறது. அதன் வாயில் இன்னும் இலை இருக்கிறது. நாளைக்குக் குழம்பாகப் போகிறதென்று தெரியாமல் அசை போடுகிறது. நானும் அசைதானே போடுகிறேன். குழாயடியை, சும்மாட்டுத் துணியை, அவள் குடம் தூக்கிப் போன முதுகை. யாரும் கொண்டுவந்து காட்டவில்லை. நானே ஒடித்து, நானே முன்னால் பிடித்து, நானே பின்னால் நடந்து...

"என்ன மரகதக்கா, ஒத்த உள்ளிய எவ்வளவு நேரம் தடவுதிய? அதுக்கு என்ன ஞானஸ்நானமா குடுக்கப் போறிய?"

தவமணி. பந்தலே சிரிக்கிறது. அவளுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருக்கிறது, முந்தானையால் துடைக்கத் துடைக்க இன்னும் எரிகிறது. "அவுகளுக்கென்ன, உள்ளி எரிக்காத கண்ணு. கல்லுக் கண்ணு! நம்ம எல்லாம் சாவு வீடு மாதிரி அழுதுட்டு இருக்கோம், அக்காளைப் பாரு, படத்துல இருக்க ராணி மாதிரி இருக்காவ" என்கிறாள். உண்மைதான். எனக்கு உள்ளி எரிக்காது. சின்ன வயசிலிருந்தே. ஊர் அசனத்துக்கு முதல் ஆளாய் என்னைக் கூப்பிடுகிறது அதற்காகத்தான். "ஒனக்கு நாக்கு எரிக்காது, அதுக்கு என்ன சொல்ல" என்றேன். மறுபடி சிரிப்பு. கனகபாயும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு முடியுமுன்னே கண் திரும்பி என் முகத்துக்கு வந்துவிட்டது. அவள் மறக்கவில்லை. அவளுக்கும் ஒரு மகன், அவளுக்கும் ராத்தூக்கம் கெட்டுத்தான் இருக்கும். மின்சார ஆபீசில் வேலை, குடி கிடையாது, கோபம் கொஞ்சம் உண்டு என்று அவளாகவே சொன்னாள். கோபம் உண்டு என்று சொன்னது எனக்குப் பிடித்தது. சிரிப்பு தந்த நேரமும் போய்விட்டது. உள்ளி என் விரலுக்குள் வெள்ளையாய், வழுவழுப்பாய், பாதி உரிந்து.

எப்சி எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்து தலையைத் தூக்காமல் உரிக்கிறாள். அவள் உரிக்கிறதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கிறது. தடிப்பு. தோலோடு பாதிச் சதை போகிறது. யார் இவளுக்கு உள்ளி உரிக்கச் சொல்லிக் கொடுத்தது. இவளைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. ஒருநாள் நான் திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் மாத்திரை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். மூத்திர வாடையும் பூ வாடையும் கலந்து அடிக்கிற அந்த ஓரத்தில், தூணுக்கு அந்தப் பக்கம் இவள் நிற்கிறாள், ஒரு பையனோடு. தொட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒரு ஆள் நிற்கிற தூரம் விட்டுத்தான் நின்றார்கள். அவன் தரையைப் பார்த்து என்னமோ சொன்னான். இவள் தலையை ஆட்டினாள். அவன் பஸ் ஏறினான். பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றாள், பிறகு துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. திரும்பினாள், நான் நிற்கிறேன். முகத்தில் ரத்தமே இல்லை. "பெரிம்மா, யார்ட்டயும் சொல்லிராதிய" என்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எங்கள் ஊர் பஸ் வந்தது. ஏறினேன். அவளும் ஏறி, எத்தனையோ இடம் கிடக்க, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டேன் பெரிம்மா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. தேரிக்காட்டுச் செம்மண் காற்று ஜன்னல் வழியாய் வந்து முகத்தில் அடிக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் தலை ஆடுகிறது, அழுத களைப்பு. தலை என் தோளில் விழுந்தது. பியூலா மகள். குழாயடியில் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு போனவளுடைய மகள். தட்டிவிடலாம். தோளை ஒரு அசை அசைத்தால் போதும், விழித்துக்கொள்வாள். நான் அசைக்கவில்லை. ஊர் வந்து சேருகிற வரைக்கும் அசைக்கவில்லை. கழுத்து நரம்பு இழுத்தது, மாத்திரைப் பை மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது, குனியவில்லை. அவள் வாயிலிருந்து கொஞ்சம் எச்சில் ஒழுகி என் ஜாக்கெட்டு நனைந்தது. ரோதா சின்னப்பிள்ளையாய் இருக்கையில் இப்படித்தான் தூங்குவாள், வாயைத் திறந்துகொண்டு, ஒரு உயிரின் மொத்தக் கனத்தையும் நம் மேல் போட்டுவிட்டு. அந்தக் கனம் என் உடம்பை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அன்றைக்கு அது திரும்ப வந்தது. யார் மூலமாய் வந்தது என்று பார்த்தால் இவள் மூலமாய்.

பஸ்ஸில் அன்றைக்கு நான் கேட்கவுமில்லை. மகள் தலை ஒன்று என் தோளில் வேண்டும் என்று ஒருநாளும் முழங்கால் போட்டுக் கேட்டதில்லை, கேட்க வெட்கம். கேட்காமலே ஆண்டவர் தந்தார். அப்படியானால் உபதேசியார் சொன்னது சரிதான். ஆண்டவர் கையிலிருந்து என் மேல் விழுந்தது அந்தத் தலை. இந்த அகத்திக் கொத்து அவர் தந்ததில்லை, இது நான் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. இதையும் அவர் கை தந்தது என்று சொன்னேனே, என்ன வாய் இது. பஸ் ஸ்டாண்டில் கண்டதை அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. நல்லவள் என்பதற்காக ஒன்றும் இல்லை. சொல்லலாம் என்று நினைக்கும்போதெல்லாம் தோளில் அந்தத் தலை இருக்கிற மாதிரி இருக்கும். சொன்னால் விழித்துக்கொள்வாளே என்று இருக்கும். மரகதம் வாயிலிருந்து ஒரு பேச்சு வெளியே போகாது, வாயடக்கம் உள்ளவள் என்று பாதிரியார் மனைவி ஐயரம்மா பெண்கள் கூட்டத்தில் என்னைக் காட்டிச் சொல்வார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன், உள்ளே இனிக்கும். அடக்கம் என்றால் வாயை மூடுகிறதுதான் என்று இந்த வயசு வரைக்கும் நினைத்திருந்தேன். இப்போதும் மூடித்தானே இருக்கிறேன். மூடிய வாய் ஒரு பிள்ளையின் கழுத்தைத் திருகுகிறது. ஐயரம்மா பார்த்தால் இப்போதும் மெச்சுவார்கள், பாருங்க மரகதம் எவ்வளவு அமைதியாய் உள்ளி உரிக்கிறாள் என்று. நாளைக்குப் பியூலா வந்து கேட்டாலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம், நான் ஒண்ணும் சொல்லலியே என்று. பொய்யும் இல்லை. அவளும் அதைத்தானே சொல்லியிருப்பாள். ஐயோ, எவ்வளவு சுளுவாய் இருக்கிறது. ஒன்றுமே செய்ய வேண்டாம். கையை நீட்டி அடுத்த உள்ளியை எடுத்தால் போதும். கை நீளுகிறது. என் கைதான், சொல்லாமல் நீளுகிறது. உரித்த உள்ளி எப்போது முன்னாலிருந்த சட்டியில் விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. சுளகில் விரல் பட்டுவிட்டது. கனகபாய் கையிலிருந்த உள்ளியைக் கீழே வைக்கிறாள். முந்தானையை உதறுகிறாள். அவள் முழங்கால் அசைகிறது, எழும்பப் போகிறாள், எனக்குத் தெரியும், இதோ பஸ் என்று சொல்லப் போகிறாள். தொட்டியடியில் சருவம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. ஆண்டவரே, கை என்னுடையது, பசியும் என்னுடையது, உம்மிடம் என்ன இருக்கிறதோ அதைத் தாரும், சீக்கிரம் தாரும். தோள் வலிக்கிறது. வலது தோள். அவள் தலை விழுந்த தோள். அதில் கனம் ஏறுகிற மாதிரி இருக்கிறது.

"இரிம்மா, எங்க எந்திரிக்க?" என் சத்தம் எனக்கே பெரிதாய்க் கேட்டது. "அவ உரிக்கத பாத்தியா? அந்தப் புள்ளைட்ட ஒரு குறை உண்டு."

கனகபாய் அப்படியே நின்றாள், பாதி எழும்பியது பாதியாய். "என்னக்கா?"

"உள்ளிய ரொம்பத் தடிப்பா உரிப்பா. தோலோட பாதி உள்ளி போயிரும். ஒரு குழம்புக்கு ரெண்டு குழம்பு உள்ளி வேணும் ஒங்க வீட்ல. அது ஒண்ணுதான். மத்தபடி, எம் மவளா இருந்தா ஒங்களுக்குத் தர யோசிப்பேன். அம்புட்டு நல்ல புள்ள. கூட இருக்கவங்களுக்கு ஒண்ணு வேணும்னா சொல்லாமலே செய்வா. மனசுல ஒரு கஷ்டம் வந்தா ஊரக் கூட்ட மாட்டா. எனக்குத் தெரியும், நான் பாத்திருக்கேன்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னேன். கனகபாய் தொப்பென்று உட்கார்ந்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு, அவளுக்குள் இத்தனை நேரம் மடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் அதில் வெளியே வந்தது. "உள்ளிதானக்கா, போனாப் போட்டும். எம் மவன் குழம்புல கிடக்க உள்ளிய எல்லாம் பொறுக்கி இலை ஓரத்துல வைக்கவன்." "அப்ப சரியாப் போச்சு, ரெண்டும் சேந்து உள்ளிய ஒழிச்சிரும்" என்றாள் தவமணி, அவள் காதுக்குத் தப்பாதது ஏது. எதிர்வரிசையில் எப்சி தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள், ஆனால் காது செவந்துவிட்டது. கையிலிருந்த உள்ளியை இப்போது மெல்லிசாய், ரொம்ப மெல்லிசாய் உரிக்கப் பார்க்கிறாள். வரவில்லை.

எனக்குச் சந்தோஷமாய் இருந்தது என்று சொல்ல முடியாது. ரோதா நினைப்புத்தான் வந்தது. இந்த மாதிரி ஒருத்தி, ஒரே ஒருத்தி, அன்றைக்குக் குழாயடியில் இருந்திருந்தால். அந்த நினைப்பு போகாது, செத்தாலும் போகாது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒன்று, அசை போட வாயைத் திறந்தால் இலையைக் காணோம். ஈரக்கை ஒன்று சுளகின் ஓரத்தைப் பிடித்தது. பியூலா. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கை முழுக்கப் புளிக்கறை. என்ன சொன்னாய் என்று கேட்க அவளுக்கு என்ன வாய் இருக்கிறது. கனகபாய் சிரித்ததைப் பார்த்திருப்பாள், அது போதும்.

"அக்கா, நானும் கொஞ்சம் உரிக்கட்டா?"

தள்ளி இடம் கொடுத்தேன். உட்கார்ந்தாள். முழங்கை முழங்கையில் இடித்தது. ஓர் உள்ளியை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். பார்த்தால், அவளும் தடிப்பு. தோலோடு பாதிச் சதை. சரி, இங்கே இருந்துதான் வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு முட்டியது, சிரிப்பு வரும் என்று பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது. நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை. கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்று, கையில் இருக்கிற உள்ளி மேலேயே விழுகிறது. பியூலா அதைப் பார்த்தாள். முந்தானை நுனியை எடுத்து நீட்டினாள், நீட்டிவிட்டுத் துடைக்கலாமா கூடாதா என்று அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளி எரிக்குதாக்கா?"

"ஆமாட்டி. இந்த வருசத்து உள்ளிக்குக் காரம் கூட" என்றேன்.

பியூலா தலையை ஆட்டினாள். எனக்கு உள்ளி எரிக்காது என்று ஊருக்கே தெரியும்.